கம்பளியில் ஒரு வரையாட்டுக் கடா

ஆட்டு ரோமத்தை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி உருவம் செய்யும் வேலைக்கு நீடில் ஃபெல்டிங் என்று பெயர். ரோமத்தை ரோமத்தோடு சேர்க்கத் தையல் கிடையாது, பசை கிடையாது, பஞ்சு அடைப்பதும் கிடையாது. வாங்குகிறவர் பார்ப்பது முகத்தையும் நிறத்தையும். உழைப்பில் முக்கால் பங்கைத் தின்பதோ அவர் கண்ணுக்கே படாத உள்கட்டு. கால் வளையாமல் நிற்பது, நான் கேட்கும் விலை நியாயமாவது, பூச்சி அரித்த பிறகும் உருவத்தை மீட்க முடிவது எல்லாம் அந்த உள்கட்டின் இறுக்கத்தைப் பொறுத்தவை. அண்மையில் செய்து முடித்த வரையாட்டுக் கடாவை வைத்து அதை விளக்கப் பார்க்கிறேன்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ காட்சிமுனைப் பக்கம், சாலையோரத்திலேயே வரையாடுகளைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அங்கே பார்த்த ஒரு முதிர்ந்த கடாவைத்தான் செய்து தரச் சொன்னார் ஆர்டர் கொடுத்தவர். முதிர்ந்த கடாவுக்கு உடம்பு கருத்துப்போய், முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல வெளிர்சாம்பல் படர்ந்திருக்கும். தோள் உயரம் ஏறக்குறைய 1 மீட்டர், கொம்பு 40 செ.மீ. வரை. ஆகவே பத்தில் ஒரு பங்கு என்று அளவு வைத்துக்கொண்டேன்: தோள் 10 செ.மீ., கொம்பு 4 செ.மீ. முதலில் பக்கவாட்டுத் தோற்றத்தை அதே அளவில் காகிதத்தில் வரைந்துகொள்வேன். கடைசி வரை அந்தக் காகிதம் மேசையில் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் உருவத்தை அதன்மேல் படுக்க வைத்து ஒப்பிடுவேன். கண் அளவை நம்பிச் செய்தால் தலை பெருத்துவிடும். தலையில்தான் ஆசையாக அதிக நேரம் உட்காருகிறோம், அதனால் அங்கே ரோமமும் அதிகம் ஏறிவிடுகிறது.

ரோமம் இரண்டு வகை தேவை. உள்கட்டுக்குக் கரடுமுரடான, சுருள் உள்ள, கார்டிங் மட்டும் செய்த, அதாவது கம்பிப் பற்களால் வாரிப் பிரித்த ரோமம். ராஜஸ்தானத்தின் பிகானேர் பெரிய கம்பளிச் சந்தை. அங்கிருந்து வரும் கம்பள ரகம் இதற்கு மிகப் பொருத்தம். இழைகள் தாறுமாறாகக் கிடப்பதால் ஊசி பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மெரினோ போன்ற நுண்ணிய ரோமத்தை உள்ளே போட்டால் நேரம் இழுக்கும், ஊசித் துளைகளும் வெளியே தெரியும். அதன் இடம் மேற்பூச்சு. நம் ஊரிலும் நல்ல ரோமம் இல்லாமல் இல்லை. நீலகிரிச் செம்மறி, 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களைக் கலந்து உருவான இனம். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ ஆடுகள் வளர்கின்றன. மலை ஆடுகளின் ரோமம் கைக்குக் கிடைத்தால் நான் விடுவதில்லை. கத்தரித்த ரோமத்தைக் கழுவும்போது தண்ணீர் நல்ல சூடாக இருக்க வேண்டும், ரோமத்தைக் கசக்கவே கூடாது. கசக்கினால் வாளிக்குள்ளேயே கட்டிப்பட்டுவிடும். தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆறிவிட்டால் கரைந்த கொழுப்பு மறுபடியும் இழையில் ஒட்டிக்கொள்ளும்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது தையல் ஊசி அன்று. காது இருக்காது. தண்டு முக்கோணமாகவோ நட்சத்திர வடிவிலோ இருக்கும். அதன் விளிம்புகளில், முனைக்குச் சற்று மேலே, சின்னச் சின்னக் காடிகள் வெட்டியிருக்கும். வெறும் கண்ணுக்குப் படாது. விரல் நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டும். உள்ளே போகும்போது காடி இழையைப் பற்றி இழுத்துச் செல்லும், வெளியே வரும்போது இழையை அங்கேயே விட்டுவிட்டு வரும். ரோமத்தின் மேற்பரப்பில் செதில்கள் இருப்பதால் உள்ளே போன இழை நழுவி வெளிவராது. முழு வேலையும் இந்த ஒரு செயல்தான், பல்லாயிரம் முறை. இந்த ஊசிகள் முதலில் ஆலைக்காகச் செய்யப்பட்டவை. ஒரு பலகையில் வரிசை வரிசையாகப் பொருத்தி, நெய்யாத விரிப்புகளையும் வடிகட்டித் துணிகளையும் இயந்திரம் குத்தி எடுக்கும். 1980களில் அமெரிக்காவில் எலினர், டேவிட் ஸ்டான்வுட் தம்பதி அந்த ஊசியைக் கையில் எடுத்துச் சிற்பம் செய்யத் தொடங்கினார்கள். ரோமத்தை நெய்யாமல் இறுக்கிச் செய்யும் ஃபெல்ட் துணி மிகப் பழையது, ஊசியால் உருவம் செய்யும் முறை நம் தலைமுறையைச் சேர்ந்தது.

எண் கூடக் கூட ஊசி மெலியும். 36 பருமனானது, உள்கட்டுக்கு. 38 பொதுவான வேலைக்கு. 40ம் 42ம் முகத்துக்கும் மேற்பரப்பை வழவழப்பாக்கவும். எந்தக் கோணத்தில் குத்துகிறோமோ அதே கோணத்தில் உருவ வேண்டும். உள்ளே இருக்கும்போது நெம்பினால் ஒடிந்துவிடும். கீழே வைக்கும் மெத்தைக்கு ஸ்பஞ்சு விற்கிறார்கள். நான் கெட்டிச் சணல் பையில் அரிசி நிரப்பித் தைத்து வைத்திருக்கிறேன். ஸ்பஞ்சு சில மாதங்களில் பொடிந்து துகள் ரோமத்தில் ஏறிவிடும். அரிசிப் பைக்கு அந்தத் தொல்லை இல்லை. வண்டு விழாமல் அவ்வப்போது அரிசியை மட்டும் மாற்றினால் போதும்.

கால் நான்கும் மெல்லியவை, உடல் கனமானது. அதனால் உள்ளே கம்பி வேண்டும். கட்டுமான வேலையில் பயன்படுத்தும் கட்டுக்கம்பியை எடுத்துவிடாதீர்கள். ரோமம் தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும். இரும்பு உள்ளே துருப்பிடித்துக் கறையை வெளியே கசிய விடும். நான் போடுவது ஒன்றரை மி.மீ. அலுமினியக் கம்பி. முதுகுக்கு ஒரு கம்பி, முன்னங்காலுக்கு ஒன்று, பின்னங்காலுக்கு ஒன்று, முறுக்கிச் சேர்த்து. வழுக்காமல் இருக்கப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றிக் கொஞ்சம் பசை தடவிக் காயவிடுவேன். அலுமினியத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. ஊசி கம்பியில் பட்டு முனை ஒடிந்தால், அந்தத் துண்டைக் காந்தம் வைத்துத் தேடலாம். ஊசி எஃகு, காந்தத்துக்கு வரும், கம்பி வராது. ஒடிந்த முனை கையில் கிடைக்கும் வரை அடுத்த வேலைக்குப் போக மாட்டேன். ஊசி முனை உள்ளே இருக்கும் உருவத்தை ஒருவர் கையில் கொடுப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இனி உள்கட்டு. ரோமத்தை அகலம் குறைந்த நாடாவாகப் பிரித்து, கம்பியின்மேல் இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே குத்த வேண்டும். ஒரே தடவையில் பெரிய கொத்தாக வைத்துக் குத்தினால் மேலே தோல்போல ஒரு படலம் இறுகிவிடும், உள்ளே பொதபொதவென்றே இருக்கும். அப்படிச் செய்தது கடை மேசையில் அழகாகத்தான் நிற்கும். சில மாதம் போனால் கழுத்து சாயும், வயிற்றில் பள்ளம் விழும். மெல்லிய அடுக்கு, முழு ஆழத்துக்குக் குத்து, பிறகு அடுத்த அடுக்கு: இதற்குக் குறுக்கு வழி இல்லை. குத்தக் குத்தப் பருமன் பாதிக்கும் கீழே இறங்கும் என்பதால், பார்வைக்கு எவ்வளவு தேவையோ அதைவிடத் தாராளமாகவே ரோமம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போதுமான அளவு இறுகிவிட்டதா என்பதற்கு மூன்று சோதனை செய்கிறேன். கட்டைவிரலால் அழுத்தினால், பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர்போலக் கொஞ்சமே அமிழ்ந்து உடனே மீள வேண்டும். இரண்டு விரலால் மேற்பரப்பைக் கிள்ளித் தூக்கினால் அடுக்கு பிரிந்து வரக் கூடாது. மூன்றாவது காதுக்கு. தளர்வான ரோமத்தில் ஊசி சத்தமில்லாமல் போகும். இறுக இறுக நறநறவென்று ஒரு சன்னமான ஒலி எழும். அந்த ஒலி தோளிலும் தொடையிலும் ஒரே மாதிரி கேட்கும்போது உடல் தயார். கழுத்தும் காலும் சேரும் இடங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே குத்துவேன், பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது.

தலையைத் தனியாகச் செய்து, கழுத்துப் பக்கம் ஓரங்குல நீளத்துக்கு இழைகளைக் குத்தாமல் தளர்வாக விட்டு, பிறகு உடலோடு சேர்க்கிறேன். கண்கள் இரண்டும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். முன்பக்கம் கொண்டுவந்துவிட்டால் ஆடு நாயாகிவிடும். கறுப்புக் கண்ணாடி மணி, 3 மி.மீ. போதும், மணியைத் தைத்துக் கட்டிவிட்டு, மேலே ஒரு கீற்று ரோமத்தை இமையாக 42ஆம் ஊசியால் பதிக்கும்போதுதான் பார்வை வருகிறது. கண்ணைச் சுற்றி வெளிர்பழுப்பு வளையம். கண்ணுக்கு முன்னாலிருந்து வாயை நோக்கி இறங்கும் வெளிறிய கோடு. தாடி கிடையாது. ஆடு என்றால் தாடி இருக்கும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள், வரையாட்டுக்கு அது இல்லை. 2005ல் வந்த மரபணு ஆய்வு இந்த விலங்கு வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று காட்டி, இதற்கென்று தனிப் பேரினமே பிரித்துவைத்தது. செம்மறி ரோமத்தில் இதைச் செய்யும்போது எனக்கு அது ஒரு தனி நிறைவு.

கொம்பு பின்னோக்கி வளைந்து, முறுக்கு இல்லாமல், நுனியில் சற்று விலகிப் போகும். களிமண்ணில் செய்து ஒட்டினால் வேகமாக முடியும்தான். கீழே விழுந்தால் முதலில் அதுதான் உடையும் என்பதால் கொம்பையும் ரோமத்திலேயே செய்கிறேன். நுண்ணிய ரோமத்தை ஈரக்கையால் இறுக்கிச் சுருட்டி, குச்சிபோல விறைக்கும் வரை குத்தி, பிறகு ஒரே வரியில் அடுத்தடுத்துக் குத்தினால் பள்ளம் விழுந்து கொம்பின் வளையக் கோடுகள் உருவாகும்.

இந்தக் கடாவில் நான் அதிகம் மெனக்கெட்டது முதுகுச் சேணத்துக்கு. கருமையும் சாம்பலும் சந்திக்கும் இடம் கோடு கிழித்ததுபோல இருந்தால் விலங்குக்குச் சட்டை போட்டதுபோலத் தெரியும். நாய்க்கு வாரும் கம்பித் தூரிகை இரண்டை எடுத்து, கரும்பழுப்பு, இயற்கைச் சாம்பல், பால் வெள்ளை ரோமங்களை வெவ்வேறு விகிதத்தில் ஒன்றோடொன்று வாரி ஐந்து படிநிலை நிறங்களைக் கலந்துகொண்டேன். சாயத்தை மேலே தீட்டினால் இந்தத் தோற்றம் வராது. கலந்த ரோமத்தில் ஒவ்வொரு இழையும் தன் நிறத்தை விடாமல் வைத்திருப்பதால், தூரத்தில் சாம்பலாகவும் கிட்டத்தில் உப்பும் மிளகுமாகவும் தெரியும். உண்மையான தோலும் அப்படித்தான். இழையை 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, வால் பக்கத்திலிருந்து தோளை நோக்கி வரிசையாக, ஒவ்வொரு துண்டின் நடுவில் குத்தி, மடித்து, மறுபடி அடியில் குத்தி நட வேண்டும். அடுத்த வரிசை முந்தைய வரிசையின் வேரை மூடும். கடைசியில் கூரான சிறு கத்தரியால் முடி சாயும் திசையிலேயே வெட்டினேன். வரையாட்டின் முடி குட்டையானது, முரடானது. நீளமாக விட்டால் பஞ்சுபோல ஆகிவிடும். பிடரியில் மட்டும் கொஞ்சம் சிலிர்த்து நிற்கட்டும் என்று விட்டேன்.

கருநிறத்துக்குக் கடுக்காயும் இரும்பும் சேர்ந்த சாயத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நிறம் அருமையாக ஏறும். ஆனால் இரும்பு ரோமத்தை முரடாக்கும், நாளடைவில் நொறுங்கவும் வைக்கும். பல ஆண்டு இருக்க வேண்டிய உருவத்துக்கு நான் அதைத் தொடுவதில்லை. வினிகர் சேர்த்துச் சூட்டில் ஏற்றும் அமிலச் சாயம்தான்.

அடுத்து விற்பனை. இப்படி ஒரு கடாவுக்கு இருபது மணி நேரத்துக்குக் குறையாது. ரோமம், கம்பி, மணி, ஒடியும் ஊசிகள் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் அடங்கும். மணிக்கு 150 ரூபாய் என்று என் கூலியைப் போட்டால்கூட 3,400 ஆகிறது. பெட்டி, அஞ்சல் தனி. கடையில் கிடைக்கும் பஞ்சுப் பொம்மையின் விலையோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தளர்வாகக் கட்டிய ஒரு துண்டையும் முழுதாக இறுக்கிய ஒரு துண்டையும் மேசையில் வைத்திருக்கிறேன். இரண்டையும் அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. விலையைக் குறைக்கச் சொன்னால் அளவைக் குறைக்கிறேன், அல்லது முடி நடாமல் வழவழப்பாக முடித்துத் தருகிறேன். இறுக்கத்தைக் குறைத்து மட்டும் தருவதில்லை. தொழில் தொடங்கும் பலர் நேரத்தை மிச்சம் பிடிப்பது சரியாக அங்கேதான். வாங்கியவருக்கு அது உடனே தெரியாது என்பதால்தான் அதைச் செய்யக் கூடாது என்கிறேன்.

ஆர்டர் என்றால் பாதிப் பணம் முன்பணம். உள்கட்டு முடிந்ததும் ஒரு படம், முகம் முடிந்ததும் ஒரு படம் அனுப்புவேன். முகத்தில் திருத்தம் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு. படங்களில் எப்போதும் என் கை பக்கத்தில் இருக்கும்; அளவைச் சென்டிமீட்டரில் எழுதினாலும் பலர் பெரிதாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள்.

சட்டப் பக்கம் ஒன்று உண்டு, புதிதாக விற்பவர்கள் கவனிக்க வேண்டும். 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பவற்றுக்கு விலக்கு இருக்கிறது. கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது அதனால் மிகவும் நல்லது. அட்டை கையில் இருந்தாலும் நான் இவற்றை அலங்காரப் பொருள் என்றே சொல்லி விற்கிறேன். கண் மணியைக் குழந்தை பிடுங்கி வாயில் போடலாம், உள்ளே கம்பி இருக்கிறது. பிள்ளைகள் உள்ள வீடு என்று தெரிந்தால் மணியை விட்டுவிட்டுக் கண்ணையும் ரோமத்திலேயே செய்து தருவேன், எட்டாத உயரத்தில் வைக்கவும் சொல்வேன்.

பராமரிப்பில் முதல் எதிரி பூச்சி. துணி அந்தும் கம்பள வண்டும் இடும் முட்டையிலிருந்து வரும் புழுக்கள் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. ரோமம் முழுக்கக் கெரட்டின். பறக்கும் அந்து எதையும் தின்பதில்லை, அதை அடித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இருட்டும் அசையாத காற்றும் அவற்றுக்குப் பிடித்தவை. பீரோவில் பூட்டி வைத்த உருவத்தைவிட, கூடத்தில் கண்ணெதிரே இருந்து வாரம் ஒருமுறை கைபடும் உருவம் பாதுகாப்பானது. நேர் வெயில் மட்டும் வேண்டாம், நிறம் வெளுக்கும். தூசியை மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் முடி சாயும் திசையில் தட்டிவிட்டால் போதும். கறை பட்டால் குளிர்ந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுக்கவும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் உருவம் சுருங்கி உருத்தெரியாமல் போய்விடும். வேப்பிலையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நாஃப்தலீன் உருண்டை நச்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

நம்பக்கூடியது குளிர்தான். உருவத்தைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே விட வேண்டும். அப்போதுதான் ஈரம் உறையின் வெளிப்புறம் படியும், ரோமத்தில் படியாது. சைபீரியாவின் பசிரிக் புதைமேட்டில் ரோமம் அடைத்த ஃபெல்ட் அன்னங்கள் ஏறக்குறைய 2,300 ஆண்டுகள் கழித்து முழு உருவத்தோடு கிடைத்தன. கல்லறை உள்ளே பனிக்கட்டியாக உறைந்திருந்ததுதான் காரணம். கம்பளியைக் காக்கக் குளிருக்கு இருக்கும் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தக் கடாவைச் செய்துகொண்டிருந்த நாட்களிலேயே, முன்பு விற்ற ஒரு காட்டெருமை பழுதுபார்க்க வந்தது. வீடு மாறியபோது அட்டைப்பெட்டியில் மறந்துபோய்க் கிடந்ததாம். முதுகிலும் தொடையிலும் திட்டுத் திட்டாக மொட்டை, அடியில் மணல்போலப் புழுவின் எச்சம். முதல் வேலையாக உறையில் கட்டி ஃப்ரீசருக்குள் வைத்தேன். வெளியே எடுத்த பிறகு, அரித்த இடங்களைச் சுற்றி அரை அங்குலத்துக்கு மேல்முடியை வெட்டி எடுத்து, எச்சத்தையும் நூலாம்படைபோன்ற கூட்டையும் சாமணத்தால் பொறுக்கினேன். புழு மேற்பூச்சைத் தின்று, அடியில் இருந்த கெட்டியான உள்கட்டை ஓரங்களில் மட்டும் கொறித்துவிட்டு நின்றிருந்தது. உள்ளே சுரங்கம் எதுவும் போகவில்லை. 36ஆம் ஊசியால் பள்ளங்களில் புது ரோமத்தை இட்டு நிரப்பி, 38ஆம் ஊசியால் சமப்படுத்தி, மேல்முடியை மறுபடி நட்டேன். கொம்பையும் முகத்தையும் தொடவே தேவைப்படவில்லை.

நிறம் பொருந்தியதற்குக் காரணம், விற்கும் ஒவ்வொரு உருவத்துக்கும் கலந்த ரோமத்தில் ஒரு கைப்பிடியைச் சிறு உறையில் போட்டுப் பெயரும் மாதமும் எழுதி வைத்துவிடுவது. அதே சாயத்தை மறுபடி காய்ச்சினாலும் அதே கலவை கிடைக்காது. கடாவின் ஐந்து கலவைகளையும் அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். பெட்டியில் உருவத்தோடு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும், ஃப்ரீசர் முறையை எழுதிய அட்டையும் போகும். கொம்பு அழுந்தாமல் இருக்கத் தலையைச் சுற்றி டிஷ்யூ காகிதம். அட்டையின் பின்புறம், பழுது பார்க்க அனுப்புபவர்கள் முதலில் உருவத்தை உறையில் கட்டி ஒட்டிவிட்டு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். என் வீட்டு ரோம மூட்டைகளையும் பாதுகாக்க வேண்டுமே. மீதி ரோமம் வைத்த அந்தச் சிறு உறைகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ரீசருக்குள் போய் வருகின்றன.